காயாத பசை

எங்கள் குடியிருப்பின் இரண்டாம் மாடியில் வசிக்கும் அந்தப் பெண்மணிக்குப் பெற்றோர் சூட்டிய பெயர் ஒன்று உண்டு. மின்கட்டண ரசீதைத் தவிர வேறெங்கும் அது வழங்கியதில்லை. கல்லூரிச் சாலையிலுள்ள புத்தகக் கட்டுப் பட்டறையில் பணிபுரிவதால், மாணவர் முதல் பால்காரர் வரை அனைவருக்கும் அவர் ‘பைண்டிங் அக்கா’. வயதில் மூத்தவனாகிய நானும் அவ்வாறே அழைக்கிறேன். அவரும் மறுப்புச் சொன்னதில்லை.

பட்டறைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ஆய்வேடுகள். படிப்பை முடிக்கும் மாணவர்கள் கடைசி நேரத்தில் தாள் கட்டைச் சுமந்துகொண்டு ஓடிவருவார்கள். தாள்களைத் தட்டி வரிசைப்படுத்தி, முதுகில் தைத்து, பசை பூசி, துணி ஒட்டி, அட்டைக்குள் பொருத்தி, எடைக்கட்டையின் கீழ் வைப்பது வரை அனைத்தும் அக்காவின் மேசையில் நடக்கும். பசை பதமாக இருக்கிறதா என்பதை அவர் கண்ணால் பார்ப்பதில்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு துளியை வைத்துத் தேய்ப்பார். “இன்னும் கொஞ்சம் தண்ணி” என்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் தூரிகையை எடுப்பார்.

அந்த விரல்கள்தாம் சென்ற ஆண்டு மரத்துப்போகத் தொடங்கின. முதலில் ஊசி நழுவியது. பிறகு கத்தி நழுவியது. வலது மணிக்கட்டில் நரம்பு நசுங்கியிருப்பதாகச் சொல்லி அறுவை செய்தார்கள். தையல் பிரித்த அன்று, விரல்களில் உணர்ச்சி முழுவதும் திரும்புமா என்று அக்கா கேட்டதற்கு மருத்துவர் நேர்மையான பதிலையே சொன்னார்: “நரம்பு மெதுவாத்தாம்மா வரும். எவ்வளவு வரும்கறதை உங்க கைதான் சொல்லணும்.”

விடுப்பு முடியும் தறுவாயில் பட்டறை முதலாளி பழங்களுடன் நலம் விசாரிக்க வந்தார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் சொல்வதற்குத்தான் மறுமொழி கிடைப்பதில்லை.

“கையைப் போட்டு வருத்திக்காதீங்க அக்கா. மேசை வேலையை வேற ஆள் பாத்துக்கட்டும். நீங்க கவுன்டர்ல உக்காந்துக்கோங்க. ஃபேன் காத்து வரும், ஆர்டர் எழுதிக்கிட்டா போதும்.”

அக்கா தலையை ஆட்டினார். முதலாளி படியிறங்கிய பிறகு கணவரிடம், “ஃபேன் காத்துக்கா நான் இத்தனை வருஷம் வேலைக்குப் போனேன்?” என்றார். பேருந்து ஓட்டுநரான கணவர், பதில் சொல்ல வேண்டிய கேள்வி எது, சொல்லக் கூடாத கேள்வி எது என்பதைப் பிரித்தறியும் பழக்கமுடையவர். பழத்தை உரித்துக் கொடுத்தார்.

இந்த நிலையில்தான் கணினிப் பேச்சு எழுந்தது. கட்டட வரைகலைப் படிப்பில் மகளுக்கு இடம் கிடைத்திருந்தது. வகுப்புத் தொடங்குமுன் நல்ல கணினி ஒன்று தேவை. அக்காவின் தம்பிக்குச் சொந்தமாகக் கணினிக் கடை இருந்தது. பெட்டி பெட்டியாக ஆயத்தக் கணினிகளை மட்டுமே விற்பார். குடும்பத்தில் அவருக்கு ‘ரெடிமேட் மாமா’ என்று பெயர். ஆகவே இதில் பேசி முடிவெடுக்க ஒன்றுமில்லை என்றே அனைவரும் எண்ணியிருந்தனர்.

“வாங்க வேணாம். உதிரியா வாங்கி நானே கோத்துக் கட்டறேன்” என்றார் அக்கா.

தம்பி கையிலிருந்த தம்ளரைக் கீழே வைத்தார். “அக்கா, என் கடையையே மூடச் சொல்றியா?”

“உன் கடைக்கென்ன? ஊர்ல எல்லாருமா கட்டப் போறாங்க?”

“வாங்கினா பிளக்கைச் சொருகினாப் போச்சு. ஏதாவது ஆச்சுன்னா ஒரு போன் போடு, ஆள் வருவான். நீ கட்டினா யாருக்குப் போன் போடுவே?”

“உனக்குத்தான்.”

“நான் எடுக்க மாட்டேன்.”

“எடுப்பேடா. அக்கா போன் பண்ணினா எடுக்காம இருந்துடுவியா?”

தம்பி அக்காவின் கணவர் பக்கம் திரும்பினார். “மாமா, நீங்களாவது சொல்லுங்க. பஸ்ஸை நீங்களா கட்டினீங்க? யாரோ கட்டினதைத்தானே ஓட்டறீங்க?”

“ஓட்டறேன்பா. நடு ரோட்டுல நின்னா உள்ள என்ன இருக்குன்னு தெரியாம நானும் நிக்கறேன்.”

“அதான் சொல்றேன்” என்றார் அக்கா. “கடையில வாங்கற நோட்டை விரிச்சா முதுகு உடையுது. நான் கட்டினது உடையாது. ஏன்னா உள்ள என்ன போட்டிருக்கேன்னு எனக்குத் தெரியும். உன் பெட்டியில திருகாணி மேல ஸ்டிக்கர் ஒட்டி வச்சிருக்கே, கிழிச்சா கேரண்டி போச்சுன்னு. திறந்து பாக்கக் கூடாத பொருளை எதுக்கு வீட்டுல வச்சுக்கணும்?”

“உங்க கல்யாணத்துக்கு மட்டும் கேரண்டி கார்டு குடுத்தாங்களா?” என்று கேட்டார் தம்பி.

“குடுக்கலை. அதான் அப்பப்ப நானே ரிப்பேர் பண்ணிக்கறேன்” என்றார் அக்கா. கணவர் மறுக்கவில்லை.

தம்பி கூறியதில் தவறில்லை என்பதை நடுநிலையோடு இங்கே குறிப்பிட வேண்டும். வேலைக்குக் கருவி வேண்டும், கருவியே வேலையாகிவிடக் கூடாது என்று எண்ணுபவர்களுக்கு ஆயத்தக் கணினியே தக்கது. அக்கா கூறிய நோட்டுப் புத்தக நியாயமும் உண்மைதான். ஆயினும் அவர் மனத்திலிருந்த காரணம் வேறு. தம்பி புறப்பட்ட பிறகு, சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கணவரிடம் மட்டும் அதைச் சொன்னார்.

“பட்டறைக்குப் போயி, எல்லார் முன்னாடியும் கத்தியைக் கீழ போட்டேன்னா, அப்புறம் கவுன்டர்தான். நானே வேணாம்னு சொல்ல முடியாது. அதுக்கு முன்னாடி இந்தக் கை தேறுமா தேறாதான்னு எனக்குத் தெரியணும். சின்னச் சின்னத் திருகாணி, முள்ளு முள்ளா இருக்கற கம்பி, எல்லாத்தையும் மாட்டணும். மாட்டிட்டேன்னா மேசைக்குப் போறேன்.”

“மாட்ட முடியலைன்னா?”

“கீழ விழற திருகாணி நம்ம வீட்டுத் தரையிலதானே விழும்?”

கணவர் துடைத்த தட்டையே மறுபடியும் துடைத்தார். “பாப்பாகிட்ட சொல்லலையா?”

“சொல்லாதீங்க.”

காரணம் அறியாத மகளுக்கு இந்த ஏற்பாடு அறவே பிடிக்கவில்லை. தோழிகள் என்ன நிறுவனத்தின் கணினி என்று கேட்டால் ‘எங்கம்மா கம்பெனி’ என்று சொல்வதா என்று முணுமுணுத்தாள். வகுப்புத் தொடங்குமுன் இயங்காவிட்டால் மாமா கடையிலிருந்து ஒன்று வந்துவிட வேண்டும் என்று நிபந்தனை விதித்தபின்பே சம்மதித்தாள்.

உதிரிபாகங்களை மின்பொருள் கடைகள் நெருங்கியிருக்கும் சந்தில் வாங்கினார்கள். கடைக்காரரை அந்தச் சந்தில் ‘ஸ்க்ரூ அண்ணன்’ என்பார்கள். மேல்பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் திருப்புளி இருக்கும். எதனோடு எது பொருந்தும் என்று பார்த்துப் பார்த்து எடுத்து வைத்தவர், கடைசியில் ஊசிமருந்துக் குழல் போன்ற சிறு குழல் ஒன்றையும் பையில் போட்டார்.

“இது பேஸ்ட்டு. பிராசசருக்கும் கூலருக்கும் நடுவுல தடவணும். மறந்துடாதீங்க.”

“பேஸ்ட் தடவறதை நான் மறப்பேனா?” என்று சிரித்தார் அக்கா. பட்டறையில் மாவு காய்ச்சிச் செய்யும் பசைக்கும் பேஸ்ட் என்றே பெயர். இருவரும் ஒரே சொல்லைச் சொல்லி, இருவேறு பொருளைக் கொண்டு பிரிந்தனர்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சாப்பாட்டு மேசையின்மேல் பருத்தித் துணி விரிக்கப்பட்டது. திருகாணிகள் அளவுவாரியாகத் தேநீர்க் கோப்பைகளில் அமர்ந்தன. மகள் கைபேசியிலிருந்து செய்முறையை உரக்கப் படிக்க வேண்டும், எதையும் தொடக் கூடாது என்பது ஏற்பாடு. கணினிக்கு மூளையாக இருந்து கணக்கிடும் சில்லுதான் பிராசசர். அதன் சூட்டைத் தணிக்க மேலே விசிறியோடு உட்காரும் உலோகக் கட்டி கூலர். பிராசசரை விளிம்பில் பிடித்து, மூலையிலுள்ள சிறு முக்கோணக் குறியைப் பார்த்து அதன் இருக்கையில் இறக்கினார் அக்கா. வலது கை நடுங்கியது, ஆனால் இறக்கிவிட்டது. கணவர் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து பெருமூச்சு விட்டார்.

பிறகு பசை. குழலைப் பிதுக்கியதும் அக்காவின் முகமே மாறியது. தமது மேசைக்கே திரும்பிவிட்டாற்போல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“அம்மா, பட்டாணி அளவு போதும்னு போட்டிருக்கு.”

“பட்டாணி அளவு வச்சா ஓரம் பிரிஞ்சுக்கும். தடவறதைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்காதே.”

அட்டைத் துண்டு ஒன்றால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி, கட்டியின்றித் திட்டின்றி, முழுக் குழலையும் பூசினார். கூலரை அதன்மேல் பொருத்தினார். அதன் நான்கு மூலைகளிலும் ஆணிகள் இருந்தன; அவற்றை அவர் தொடவில்லை. பசை இறுகிய பிறகே மற்றவை என்பது பட்டறை முறை. பட்டறையிலிருந்து எப்போதோ கொண்டுவந்திருந்த எடைக்கட்டையைக் காகிதத்தில் சுற்றிக் கூலரின் தலையில் மெதுவாக ஏற்றினார்.

“கையை வைக்காதீங்க யாரும். காயட்டும்.”

மறுநாள் காலையில் எடைக்கட்டையை நீக்கிக் கூலரைத் தொட்டார். வழுக்கிக்கொண்டு தனியே வந்துவிட்டது. பசை பூசிய நிமிடத்தில் இருந்ததுபோலவே ஈரமாக இருந்தது. விசிறியின் கீழ் வைத்துப் பார்த்தார். காயவில்லை. பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று பொருமியபடி, காலிக் குழலைப் பையில் போட்டுக்கொண்டு சந்துக்குப் போனார்.

“அண்ணே, உங்க பேஸ்ட் காயவே மாட்டேங்குது.”

ஸ்க்ரூ அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். “என்ன மாட்டேங்குது?”

“காய மாட்டேங்குது. வெயிட்டு ஏத்தி ராத்திரி பூரா வச்சிருக்கேன். இன்னும் ஒட்டலை.”

அவர் சிரிக்கக் கூடாது என்று முயன்றது தெரிந்தது, முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். “உக்காருங்கக்கா. அது ஒட்டறதுக்கு இல்ல. காயவும் கூடாது. ரெண்டு உலோகத்துக்கும் நடுவுல மயிரிழை சந்து இருக்கும். அது வழியா காத்துப் பூந்தா சூடு வெளிய போகாது. அந்தச் சந்தை அடைக்கத்தான் இது. பிடிச்சு வைக்கறதெல்லாம் ஆணியோட வேலை.”

“ஒட்டாத பொருளுக்கு எதுக்குப் பேஸ்ட்டுன்னு பேரு வச்சாங்க?”

“நான் வைக்கலைக்கா” என்றார் அவர் பணிவாக, புதுக்குழல் ஒன்றை எடுத்து நீட்டியபடி. “எல்லாத்தையும் துடைச்சிட்டு, இந்தத் தடவை பட்டாணி அளவு.”

வீடு திரும்பியபோது தம்பி வந்திருந்தார். செய்தி மகள் மூலமாக முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

“என்னக்கா, கம்ப்யூட்டரையும் பைண்டிங் பண்ணிட்டியாமே? மேல காலிக்கோ துணி போட்டு, தங்க எழுத்துல பேர் அடிச்சுக் குடுப்பியா?”

அக்காவும் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை.

“போதும்மா. இது உனக்கு விளையாட்டு. அடுத்த வாரம் கிளாஸ். கோப்பையில பிரிச்சுப் போடறதுக்குள்ளயே திருகாணியை நாலு தடவை கீழ போட்டே. என் கம்ப்யூட்டர்ல ஏம்மா இப்படிப் பண்றே?”

“அவ தன் கை தேறுமான்னு சோதிச்சுப் பாக்கறாடி” என்றார் கணவர், செய்தித்தாளை மடித்தபடி. சொல்லாதிருப்பதாகக் கொடுத்த வாக்கு அந்த இடத்தில் முறிந்தது. முதலாளி வந்தது, கவுன்டர் நாற்காலி, கத்தி, எல்லாவற்றையும் ஓட்டுநருக்கே உரிய சுருக்கத்தில் சொல்லி முடித்தார்.

தம்பி சுவரைப் பார்த்தார். மகள் அம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“என்கிட்ட ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ இரக்கப்பட்டு எல்லாத்தையும் நீயே மாட்டிடுவே. அப்புறம் எனக்கு எப்படித் தெரியும்?”

மகள் கைபேசியை எடுத்தாள். “அடுத்தது, பழைய பேஸ்ட்டைப் பஞ்சால சுத்தமாத் துடைக்கணும்” என்று படித்தாள்.

அந்த வாரம் முழுவதும் மாலை வேளைகளில் வேலை நடந்தது. வலது கை சொன்னதைக் கேட்ட நாளும் உண்டு, கேளாத நாளும் உண்டு. திருகாணி பெட்டியின் அடியில் விழுந்து உருளும் ஓசை கேட்டால் கணவர், “திரும்பவும் விழுந்துதா?” என்பார். “விழலை, அதுவா இறங்கிப் போச்சு” என்பார் அக்கா. தம்பி தினமும் கடையை மூடிய கையோடு வந்து, சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்று, தவறு கண்ணில் படும்போதெல்லாம் உதட்டைக் கடித்துக்கொண்டார். ஒன்றும் சொல்லக் கூடாது என்பது அவருக்கும் உத்தரவு.

வெள்ளிக்கிழமை மாலையில் கடைசிக் கம்பியும் சேர்ந்தது. மகள் பொத்தானை அழுத்தினாள். விசிறிகள் சுழன்றன. சிறு விளக்கு எரிந்தது. திரை மட்டும் கருப்பாகவே இருந்தது.

அணைத்துப் போட்டார்கள். மீண்டும் கருப்பு.

“விடுக்கா” என்றார் தம்பி, கேலி சிறிதும் இல்லாத குரலில். “நாளைக்குக் காலையில நானே ஒண்ணு கொண்டு வந்து வைக்கறேன். யார் கட்டினாலும் முதல் தடவை இப்படித்தான் ஆகும்.”

அக்கா கைவிளக்கைக் கேட்டு வாங்கிப் பெட்டியின் பக்கவாட்டில் குனிந்தார். ஒவ்வோர் இணைப்பாக ஒளியை நகர்த்திக்கொண்டு வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ராம் எனப்படும் நினைவகப் பட்டை அங்கே செருகப்பட்டிருந்தது. அதன் இரு முனைகளையும் இரு கட்டைவிரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்த வேண்டும். நன்கு பதிந்தால் இரண்டு பக்கமும் கொக்கி ‘டக்’கென்று விழும். இடது முனையின் கொக்கி விழுந்திருந்தது. வலது முனையின் கொக்கி ஒரு நகத்தின் அளவு விலகி நின்றது.

வலது கட்டைவிரல் அழுத்தியதாக நினைத்திருக்கிறது. அழுத்தவில்லை. கொக்கி விழாததை உணரவும் இல்லை.

அறையிலிருந்த நால்வருக்கும் அது விளங்கிற்று. தம்பி ஓர் அடி முன்னால் வந்தார். “நான் அழுத்தட்டுமாக்கா?”

“நில்லு.”

மின்சாரத்தை நிறுத்தச் செய்து, பட்டையைக் கழற்றி மறுபடி நிறுத்தினார். வலது கையால் பெட்டியைப் பற்றிக்கொண்டார். இடது கட்டைவிரலால் ஒரு முனை: டக். அதே விரலால் மறு முனை: டக்.

மகள் மீண்டும் பொத்தானை அழுத்தினாள். திரை ஒளிர்ந்தது. மகள் கத்திய கத்தலில் கீழ்வீட்டிலிருந்த நானே வெளியே வந்து அண்ணாந்து பார்த்தேன். தம்பி, “அடப்பாவி, எரியுதே!” என்று தமது வணிகத்துக்கு எதிராகவே கைதட்டினார். அக்கா மட்டும் நாற்காலியில் அமர்ந்து வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பதில் கிடைச்சிடுச்சுங்க” என்றார் கணவரிடம். கண்களில் நீர் நின்றது, விழவில்லை.

கணவர் அருகில் அமர்ந்தார். ஆறுதல் சொல்ல வாயெடுத்தவரை அக்காவே கையமர்த்தினார். அவர் அழுகையை நிறுத்திவைத்துவிட்டு எதையோ கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, இந்த வாரம் திருகாணியை எந்தக் கையால முடுக்கினேன்?”

மகள் யோசித்தாள். “முதல்ல வலது கையில. அப்புறம்… இடது கையிலம்மா. வலது கை பிடிச்சுக்கிட்டுதான் இருந்துது.”

“கம்பியை?”

“அதுவும் இடது கைதான்.”

“இது பிடிச்சுக்குது. வேலை செய்யலை” என்று வலது கையைத் துணிமேல் வைத்தார். “அது வேலை செய்யுது. நான் கேக்காமலே கத்துக்கிட்டிருக்கு.” இடது கையை மடக்கி நீட்டிவிட்டு, “அப்ப மாத்த வேண்டியது மேசையைத்தான்” என்றார்.

திங்கட்கிழமை பட்டறையில், கவுன்டர் நாற்காலிக்குப் புது மெத்தை தைத்துப் போட்டிருந்தார் முதலாளி. அக்கா அதைத் தொட்டுப் பார்த்து, நன்றாக இருக்கிறதென்று சொல்லிவிட்டு உள்ளே நடந்தார். தமது மேசையைத் திருப்பிப் போட ஆள் கேட்டார். பசைச் சட்டி வலமிருந்து இடத்துக்கு வந்தது. தூரிகை, ஊசி, தாள் மடிக்கும் தட்டை, எல்லாம் இடம் மாறின. எடைக்கட்டை வலப்பக்கம் போயிற்று. பற்றி நிறுத்தும் வேலை இனி அந்தக் கைக்கு.

அடுத்த மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, கண்ணாடியில உன்னைப் பாக்கற மாதிரி இருக்கே?”

“முகம் சரியா இருக்கா, அது போதும்.”

முதலாளி நெற்றியைத் தேய்த்தார். “கத்தி வேணாம் அக்கா. வெட்டறதை வேற ஆள் பண்ணட்டும்.”

“சரி. வெட்டறது வேற ஆள். தைக்கறதும் ஒட்டறதும் நான். ஒரு புத்தகம் குடுங்க. நல்லா இல்லைன்னா நானே அந்த மெத்தையில போய் உக்காந்துக்கறேன்.”

யாரோ ஒரு மாணவனின் ஆய்வேடு வந்தது. தைக்க வழக்கத்தைவிட வெகுநேரம் பிடித்தது. முதல் தையல் கோணிற்று. பிரித்து மறுபடி தைத்தார். முதலாளி போவதும் வருவதுமாக இருந்தார். பசையின் பதம் பார்க்க அக்கா இடது கையின் இரு விரல்களுக்கு நடுவே ஒரு துளியை வைத்துத் தேய்த்தார். மீண்டும் தேய்த்தார். “கொஞ்சம் தண்ணி” என்றார்.

முதுகில் பசை ஓடியது. துணி சுருக்கமின்றிப் படிந்தது. அட்டையில் பொருத்தி எடைக்கட்டையை ஏற்றியதும், முதலாளி குனிந்து விளிம்பைப் பார்த்தார். நகத்தால் நெருடிப் பார்த்தார். பிரிந்து வருவதற்கு ஒன்றும் அகப்படவில்லை.

“காயுமா? பையன் நாளைக்குக் காலையில வந்து நிப்பான்.”

“காயும்” என்றார் அக்கா. “இது காயற பசைதான்.”

அதிலென்ன சந்தேகம் என்பதுபோல் முதலாளி அவரைப் பார்த்தார். பிறகு அடுத்த தாள் கட்டை எடுத்துவந்து, மேசையின் இடப்பக்கத்தில் வைத்தார்.